வடுவும் கலமும்: தோலைச் செப்பனிடும் கலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலின் உறுப்புகளுள் தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்துக்கொள்வது தோல் ஒன்றேயாகும். காயம் ஆறிய பின்னும் அதன் வடு ஆறுவதில்லை. பண்டைத் தமிழர் அவ்வடுவை மறைக்க முயன்றாரல்லர். மார்பிலே பட்ட விழுப்புண்ணை வீரத்தின் சான்றாகவும், முதுகிலே பட்ட புண்ணைப் பழிக்கு இடமாகவும் கொண்டனர். எனினும் வடுவைப் போற்றிய அச்சமுதாயமே புண்ணைத் தைக்கும் தொழிலையும் அறிந்திருந்தது. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டு, குளத்தில் மூழ்கி மீனோடு மேலெழும் சிரல் என்னும் மீன்கொத்திப் பறவைக்கு, புண்ணிலே புகுந்து வெளிவரும் நெடிய வெண்ணிற ஊசியை ஒப்பிடுகின்றது. கண்ணாற் கண்டவர் அன்றிப் பிறர் கூறவியலாத உவமை இது. வடுவைப் பாடிய மரபிலேயே ஊசியும் இடம்பெற்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இன்று அவ்வூசி வேறொரு பணியை மேற்கொண்டுள்ளது. ஒருவரின் தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி, அவற்றை அவரது முகத்துச் சுருக்கங்களிலும் பள்ளமான தழும்புகளிலும் மீண்டும் ஊசி வழியாக ஏற்றும் சிகிச்சை முறை உருவாகியுள்ளது. இதனை அழகுக்கலையின் புதுமை என்றே பலரும் எண்ணுவர். இம்முறை பிறந்த வழியை ஆராய்ந்தால் அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பது புலப்படும். இக்கலையின் ஒவ்வொரு படியும் காயப்பட்டோரின் உடலிலேயே கற்கப்பட்டது. பின்னரே அது இளமை விழைவோரின் பணியில் அமர்த்தப்பட்டது. இவ்வுண்மையை நிறுவுவதும், அதனை மலையகத்து வாழ்வோடு பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பூனாவிலிருந்து இலண்டனுக்கு

இந்திய மருத்துவ நூல்களுள் சுசுருத சங்கிதை சத்திரசிகிச்சைக்குப் பெயர்பெற்றது. அறுபட்ட காதையும் மூக்கையும் ஒருவரின் சொந்தத் தசைகொண்டே செப்பனிடும் முறையை அந்நூல் விரித்துரைக்கின்றது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அவ்விலையின் அளவுக்குக் கன்னத்துத் தோலை உரித்து, அதன் ஒரு பகுதி கன்னத்தோடு பொருந்தியிருக்கவே மூக்கின் மேல் பொருத்துதல் அம்முறையாகும். மூக்கறுத்தல் தண்டனையாக வழங்கிய நாட்டில் அவ்வாறு பொருத்திக்கொள்ள வருவோர் குறைவாயிருந்திருக்க மாட்டார்கள். தண்டனையும் போருமே இக்கலையின் முதற் பள்ளிக்கூடங்கள் எனலாம்.

ஐரோப்பிய வைத்தியர் இந்தியருடைய இக்கலையின்பால் கவனம் கொள்வதற்கு 1794ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து 'ஜென்டில்மேன்ஸ் மகசின்' என்னும் இலண்டன் இதழ் பெரிதும் காரணமாயிற்று. 1792ஆம் ஆண்டின் மைசூர்ப் போரிலே ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்த அவருக்கு, பூனாவை அடுத்த ஓரிடத்தில், செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கை அமைத்துக் கொடுத்தார். முதலில் மெழுகுத் தகட்டால் அளவெடுத்து, அவ்வளவை நெற்றியில் வரைந்து, பின்னர் தோலைப் பிரித்துத் திருப்பிப் பொருத்திய முறை அச்செய்தியில் படத்தோடு விளக்கப்பட்டிருந்தது. அங்கே வண்டிக்காரரின் பெயர் உண்டு. செய்துமுடித்த கைவினைஞரைக் குறிக்க அவரது குலமே போதுமெனக் கருதப்பட்டது.

அச்செய்தியைப் படித்த ஜோசப் கார்ப்பியூ என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணர், 1814ஆம் ஆண்டு இலண்டனில் அதனைச் செய்து காட்டி, 1816இல் நூலாகவும் வெளியிட்டார். கீழைநாட்டுக் கைவினைஞரின் குலத்தொழில் இங்ஙனம் மேனாட்டு மருத்துவத்தின் ஒரு துறையாக மலர்ந்தது. ஒருவரின் சிதைவை அவரது உடலின் பொருளைக் கொண்டே நிரப்புதல் என்ற கொள்கை அத்துறையின் அடித்தளமாயிற்று. இன்றைய கலச் சிகிச்சையும் அக்கொள்கையினின்று விலகியதன்று.

1869: ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

1869ஆம் ஆண்டு பரிசிலே ஜாக் லூயி ரெவர்டின் என்னும் இளம் வைத்தியர், ஆறாத புண்ணொன்றின் மேல் அரிசிமணி போன்ற சிறு தோல் துணுக்குகளை இட்டார். அவை வேரூன்றின, அவற்றைச் சூழத் தோல் படர்ந்து புண்ணை மூடலாயிற்று. தோலையும் விதைபோல் நடலாம் என்பது அன்று வெளிப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எமது கேள்வி தெளிவுபெறுகின்றது. மேனாட்டு மருத்துவம் தோலை நடக் கற்றுக்கொண்டிருந்த வேளையில், தும்பறைப் பள்ளத்தாக்கிலும் பன்வில, மடுல்கலை ஆகிய பகுதிகளிலும் கோப்பியை நட்டுக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளரின் தோலுக்கு யார் பொறுப்பாயிருந்தனர்?

தமிழகத்திலிருந்து மன்னார் வந்து, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்த அம்மக்களைப் பெரியம்மையும் வாந்திபேதியும் வழிநெடுகத் தொடர்ந்தன. பிழைத்தவரின் முகத்திலே அம்மைத் தழும்பு நிலைத்தது. இலங்கையில் அம்மைப்பால் குத்துதல் 1802ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு வந்த தொழிலாளருக்கு அம்மை குத்தப்பட்ட பின்னரே கடலைக் கடக்க அனுமதி கிடைத்தது. ஆகவே அவர்களது மேனியில் இருவகைத் தழும்புகள் இருந்தன. ஒன்று நோய் இட்டது. மற்றையது நோயைத் தடுக்க அரசு இட்டது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென முதன்முதலில் 1872ஆம் ஆண்டிலே கட்டளைச் சட்டமொன்று இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டு அது விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது. தொழிலாளரை உழைக்கும் நிலையில் வைத்திருப்பதே அச்சட்டங்களின் முதற் கவலை. காய்ச்சல் தணிந்ததும் மலைக்கு அனுப்பப்பட்டவரின் வடுவைப் பற்றிக் கவலைப்பட அவற்றில் இடமிருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் வளர்ந்த தோல்

பிறர் தோலைப் பொருத்தினால் அது ஏன் உதிர்ந்துவிடுகின்றது என்ற வினாவுக்கு விடை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கிடைத்தது. தீக்காயமுற்ற விமானப்படையினரைக் கண்டு இவ்வாராய்ச்சியில் இறங்கிய பீற்றர் மெடவார், கிளாஸ்கோ நகரில் தோமஸ் கிப்சனோடு இணைந்து ஆய்ந்த முடிவுகள் 1943ஆம் ஆண்டு வெளியாயின. உடல் தனக்குரியதையும் பிறருக்குரியதையும் இனங்கண்டு, பிறருக்குரியதை எதிர்த்து அழிக்கின்றது என்பதே அவற்றின் சாரம். மெடவாருக்கு 1960ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சொந்தத் தோலே வேண்டும் எனின், உடல் முழுதும் எரிந்தவர் அதற்கு எங்கே போவார்? இவ்விக்கட்டை ஐக்கிய அமெரிக்காவின் ஹவார்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் தீர்த்தனர். மனிதனின் மேற்றோற் கலங்களை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து பெருக்கும் முறையை 1975இல் அவர்கள் வெளியிட்டனர். 1981இல் பொஸ்ரன் நகரில் தீக்காயமுற்றோர்க்கு அவ்வாறு வளர்த்த தோல் பொருத்தப்பட்டது. 1983இல், உடலின் 95 சதவீதத்துக்கு மேல் எரிந்த சிறுவர் இருவர் அம்முறையாலேயே உயிர்தப்பினர். எஞ்சியிருந்த சிறு தோற் பகுதியிலிருந்து அவர்களது உடலின் ஏறத்தாழ அரைவாசியை மூடும் அளவுக்குப் புதிய தோல் வளர்க்கப்பட்டது.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பியோனா வுட் என்னும் பெண் வைத்தியர் இதனை மேலும் எளிதாக்கினார். தோற் கலங்களைத் தாளாக வளர்க்கும்வரை காத்திராமல், திரவத்திலே கலந்து புண்ணின் மேல் தெளிக்கும் முறையை அவரும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கினர். காத்திருக்கும் நாள்கள் குறைந்தால் தழும்பும் குறையும் என்பது அவர் கண்ட உண்மை. 2002ஆம் ஆண்டு பாலித் தீவின் குண்டுவெடிப்பிலே காயமடைந்த 28 பேர் அவரது பிரிவிலே சிகிச்சை பெற்றனர்.

இளமையை நாடிய ஊசி

காயப்பட்டோரின் பக்கத்தில் இவ்வரலாறு நடந்துகொண்டிருக்க, மறுபக்கத்திலே இளமையைத் தேடிய வரலாறொன்றும் நடந்தது. சுவிற்சர்லாந்தின் போல் நீகான்ஸ் என்னும் வைத்தியர் 1931ஆம் ஆண்டு முதல் விலங்குகளின் கலங்களை மனிதருக்கு ஊசி மூலம் ஏற்றலானார். கருவிலுள்ள செம்மறிக் குட்டியின் கலங்கள் முதுமையை விலக்கும் என்ற நம்பிக்கை பரவியது. பெருஞ்செல்வரும் புகழ்பெற்றோரும் அவரை நாடினர். ஆனால் மெடவாரின் ஆராய்ச்சியை அறிந்தவர்க்கு இதன் பிழை எளிதிற் புலனாகும். மற்றொரு மனிதனின் தோலையே ஏற்காத உடல், செம்மறியின் கலத்தை ஏற்று இளமை பெறுவதெங்ஙனம்? மேலும், கலங்களுக்கும் முதுமை உண்டு. மனித உடலின் இயல்பான நாரரும்பர்க் கலங்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்த பின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்பதை லெனார்ட் ஹேபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் 1961இல் காட்டினர்.

நாரரும்பர் என்பவை உட்டோலிலே கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை ஆக்கும் கலங்களாகும். வயது ஏறும்போது இந்நார் மெலிவதாலேயே முகம் சுருங்குகின்றது. பருக்கள் உட்டோலை அரித்த இடத்தில் பள்ளத் தழும்பு தங்குகின்றது. ஆகவே ஒருவரின் நாரரும்பர்களையே பெருக்கி அவ்விடங்களில் இட்டால் நார் மீண்டும் ஊறும் என்று கருதினர். காதின் பின்புறத்துத் தோலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, கலங்களைப் பல வாரங்கள் வளர்த்து, சில வார இடைவெளியில் மூன்று தடவை ஊசியால் ஏற்றுவது இம்முறையாகும்.

ஐசொலாஜன் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் இதனை வணிகமாக்கியது. 1999இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இதனை முறையாகச் சோதிக்கப்படவேண்டிய மருந்து வகையைச் சார்ந்ததெனக் கொண்டமையால், அங்கு விற்பனை நின்றது. பின்னர் நிறுவனம் பிரித்தானியாவிற் கடைவிரித்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2009இல் நிறுவனம் வங்குரோத்து அடைந்து, பைப்ரோசெல் என்ற பெயரில் மீண்டெழுந்தது. இறுதியாக 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம், மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்புகளுக்கு மட்டும் இச்சிகிச்சைக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆறு மாதங்களுக்கு அப்பால் அதன் பயன் நிறுவப்படவில்லை என்ற எச்சரிக்கையும் உடனிருந்தது. தென் கொரியாவோ அதற்கு ஓராண்டு முன்பே, 2010இல், பள்ளமான பருத்தழும்புகளுக்கு இவ்வகைக் கலச் சிகிச்சையொன்றை அங்கீகரித்திருந்தது.

இதன் பயன் எத்தகையது? பருத்தழும்பு கொண்ட 99 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று இதனை எடைபோட உதவும். ஒவ்வொருவரின் ஒரு கன்னத்திற் கலங்களும் மறு கன்னத்திற் கலமற்ற வெறுந்திரவமும் ஏற்றப்பட்டன. நோயாளரின் சொந்த மதிப்பீட்டின்படி கலம் ஏற்றிய பக்கத்தில் 43 சதவீதத்தினரும், வெறுந்திரவம் ஏற்றிய பக்கத்தில் 18 சதவீதத்தினரும் முன்னேற்றம் கண்டனர். கலத்துக்கு ஆற்றல் உண்டு என்பதை முதல் எண் உணர்த்துகின்றது. நம்பிக்கையும் ஊசிக்குத்தும் தாமே ஓரளவு பயன் காட்டவல்லன என்பதை இரண்டாம் எண் உணர்த்துகின்றது. ஒப்பீடு செய்யாத சான்றுரைகளையும், 'முன்', 'பின்' என இரு நிழற்படங்களைக் காட்டும் விளம்பரங்களையும் நாம் ஏன் நம்பலாகாது என்பதற்கு இவ்விரண்டாம் எண்ணே போதிய விடையாகும்.

இவ்வரலாற்றில் மற்றொரு திருப்பமும் உண்டு. முகச்சுருக்கத்தால் வணிகம் தழைக்காதுபோன பின், அந்நிறுவனம் மரபணுத் திருத்தம் செய்த நாரரும்பர்களை ஊசியாக ஏற்றும் ஆய்வில் இறங்கியது. தொட்டாலே தோல் கொப்புளித்து உரியும் பிறவி நோயுடையோரே அவ்வாய்வின் நோயாளர். அழகை நாடிச் சென்ற ஊசி, புண்பட்டோரிடமே திரும்பி வந்தது.

பன்விலவிலிருந்து நோக்குகையில்

எமது ஊராகிய பன்வில, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலே தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்தது. எமது லயத்திலே மூதாட்டி ஒருவர் இருந்தார். சிறுமியாயிருந்தபோது குப்பி விளக்குச் சரிந்து, மண்ணெண்ணெய் கையிற் பரவி எரிந்தது. புண் ஆறியது, ஆனால் தழும்பு சுருங்கி, வலக்கையின் இரு விரல்களை உள்ளங்கையோடு பிணைத்துவிட்டது. எஞ்சிய மூன்று விரல்களாலேயே அவர் வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்தார். நிறுவையிற் கொழுந்து குறைந்த நாள்களில் அவருக்கு விழுந்தது அரைப்பேர். நான் இக்கட்டுரைக்குச் செய்தி திரட்டிய நாள்களில், தழும்பைப் போக்கும் ஊசியைப் பற்றி அவரிடம் கூறினேன். "அழகு எனக்கு என்னாத்துக்கு தம்பி? வெரல் விரிஞ்சாப் போதும்" என்றார்.

அவ்வொரு சொல்லில் இப்பொருளின் முழு வேறுபாடும் அடங்கியிருக்கின்றது. நகரத்தார்க்குத் தழும்பு தோற்றத்தைப் பற்றியது. மலையகத்தார்க்கு அது கூலியைப் பற்றியது. அம்மூதாட்டியின் விரல்களுக்கு வேண்டியிருந்தது கல ஊசியன்று. சுருங்கிய தழும்பை வெட்டி விரித்துத் தோல் பொருத்தும் சத்திரசிகிச்சையும், தொடர்ந்த கைப்பயிற்சியுமே. அவை புதியன அல்ல. இலவச வைத்தியம் வழங்கும் எமது நாட்டில் விலைக்கு வாங்கவேண்டியனவும் அல்ல. ஆனால் வத்துகாமம் வழியாகக் கண்டிக்குப் பலமுறை சென்றுவர இழக்கவேண்டிய நாட்கூலி யாரும் எழுதி வைக்காத விலையாகும். தழும்பென்றால் அழகுப் பிரச்சினை என்று தாமே எண்ணி வைத்தியரிடம் செல்லாதிருப்போரும் உளர். அவ்வெண்ணமே மிகப் பெரிய தடை.

இந்நாட்டிலே குப்பி விளக்கின் கொடுமையை நன்குணர்ந்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர ஆவார். எரிந்த உடல்களை வைத்தியசாலையிற் கண்டு வருந்தியதோடு அவர் நில்லாது, 'சுதீப' என்னும் பாதுகாப்பான விளக்கை 1992ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். குட்டையான, தடித்த கண்ணாடிக் குப்பி. திருகி மூடும் உலோக மூடி. சாய்ந்தாலும் உருளாதபடி இரு தட்டையான பக்கங்கள். இவ்வளவே அதன் அமைப்பு. 1998ஆம் ஆண்டு அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு தழும்பை அழிக்கும் செலவில் எத்தனை தழும்புகளைத் தோன்றாமலே தடுக்கலாம் என்பதற்கு அவ்விளக்கு சாட்சி.

அண்மைய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. 2021ஆம் ஆண்டின் இறுதியில் சமையல் எரிவாயுவால் நேர்ந்த தீயும் வெடிப்பும் நாடெங்கும் அச்சத்தை விளைத்தன. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், எமது பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே, மருந்துத் தட்டுப்பாட்டின் காரணமாகத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. மயக்க மருந்தோடு தொடர்புடைய மருந்துக்கே தட்டுப்பாடு நேர்ந்த நாட்டிலே, கலம் வளர்க்கும் ஆய்வுகூடத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே எமது கருத்து. அறிவு வந்துசேரும் முன்னரே விளம்பரம் வந்துசேர்ந்துவிடும் காலம் இது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், அனுமதிப்பத்திரமற்ற அழகு நிலையமொன்றிலே, சொந்தக் குருதியை முகத்தில் ஏற்றும் சிகிச்சையால் எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024இல் வெளியிட்டது. சொந்தக் குருதி என்பதால் தீங்கில்லை என நம்பியவர்களே அவர்கள். எமது நாட்டிலும் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் ஒழுங்குபடுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆயினும் அங்கீகாரம் உண்டா, ஒப்பீட்டு ஆய்வு உண்டா எனக் கேட்கும் குடிமக்கள் இல்லையேல் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. சுசுருதர் முதல் இன்றைய ஆய்வுகூடம் வரை, உடலை அவ்வுடலின் பொருளாலேயே செப்பனிடுதல் என்ற ஒரே கொள்கை தொடர்கின்றது. அக்கொள்கையை வளர்த்த அறிவு மூக்கறுபட்ட வண்டிக்காரரிடமும், எரிந்த போர்வீரரிடமும், தீயில் வெந்த சிறுவரிடமும் கற்கப்பட்டது. அவ்வறிவின் கனி சந்தைக்கு வரும்போது, முதலிற் கைநீட்டுவோர் காயப்பட்டோர் அல்லர்.

முகச்சுருக்கத்தை நீக்க விரும்புவோரை இகழ்வது இக்கட்டுரையின் கருத்தன்று. பருத்தழும்பால் நாணி வகுப்பின் பின்வரிசையில் ஒதுங்கும் மாணவரின் துயரும் துயரே. ஆயினும் ஒரு கலையின் வரலாற்றை எழுதுபவர், அக்கலைக்கு உடலை ஈந்தோரின் பக்கம் நின்று கணக்குக் கேட்கக் கடமைப்பட்டவராவார். பேராதனையில் 1962ஆம் ஆண்டு முதல் மருத்துவ பீடமொன்று இயங்கிவருகின்றது. கலைப்பீட மாணவராகிய நாமும் மருத்துவ பீடத்து நண்பரும் ஒரே வளாகத்தில் வாழ்கின்றோம். தோட்டப் பகுதிகளிலே தீக்காயத் தழும்பால் கையும் காலும் முடங்கியோர் எத்தனை பேர், அவருள் வைத்தியரைக் கண்டோர் எத்தனை பேர் என்பதை லயம் லயமாகச் சென்று திரட்டும் பணியை இரு பீடத்தாரும் இணைந்து தொடங்கலாம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், சில ஞாயிற்றுக்கிழமைகளும், வத்துகாமம் செல்லும் பஸ்ஸுக்கான கட்டணமும் போதும்.